முட்டியில் முளைத்த முகங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கொடுத்த எண்கள் எல்லாம் சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. என் வீட்டில் ஒருவரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை இதற்காக வாக்கெடுப்பே நடத்தினேன். எனக்கு விழுந்தது என் ஓட்டு மட்டும்தான். (அம்மா நடுநிலை வகித்தாள். பெற்ற தாய்!)

என் பிரச்சினை என்னவென்றால், நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எல்லோரும் கண்ணளவிலேயே வாழ்பவர்கள். அப்பா சுவரில் காலண்டர் மாட்டினால், "கொஞ்சம் லெஃப்ட்ல... இன்னும் கொஞ்சம்... ஐயோ அவ்ளோ இல்ல" என்று மூன்று பேர் கீழே நின்று கத்துவார்கள். கடைசியில் சுவரில் ஆணியடித்த ஓட்டைகள் வரிசையாக இருக்கும், காலண்டர் கோணலாகத் தொங்கும். "கொஞ்சம்னா எத்தன மில்லிமீட்டர்?" என்று நான் கேட்டால் அப்பா என்னை ஏதோ தவறான ரயிலில் வந்து இறங்கிய பெண்ணைப் போலப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட நான் கல்லூரிக் கடைசி வருடத்தில் படம் திருத்தும் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். காதல் வந்த இடம் எது தெரியுமா? வண்ணங்கள் இல்லை, தூரிகை இல்லை. திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு குட்டிப் பெட்டி. படத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அது சரியாக எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும். எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு. குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை! "கொஞ்சம்" என்ற சொல்லுக்கே அந்தப் பெட்டியில் இடம் கிடையாது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (கொஞ்சம் மிகைதான். ஆனால் மூக்கு உறுத்தியது உண்மை.)

படிப்பு முடிந்ததும், "நான் டிசைன்தான் பண்ணப் போறேன்" என்று அறிவித்தேன். அப்பா செய்தித்தாளை இறக்கவே இல்லை. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரகு கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம்."

ரகு மாமா அம்மாவின் தம்பி. நாவலூரில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் பிரிவுக்கு மேலாளர். உலகத்தில் யார் எதில் தோற்றாலும் அவரிடம் ஒரு காலி இருக்கை இருக்கும். "நைட் ஷிஃப்ட் கிடையாது, வீட்டு வாசலுக்கு கேப் வரும், கேன்டீன்ல பொங்கல் பிரமாதமா இருக்கும்டி" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆசை காட்டுவார். பொங்கலுக்காக வாழ்க்கையை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கார்த்தி அண்ணனும் சௌம்யா அண்ணியும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் பார்த்துப் பழகியவர்கள். அண்ணி வீடு பொழிச்சலூர். அண்ணியின் அப்பா மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். (அவர் பச்சைக்கொடி காட்டிய ரயிலிலேயே இவர்கள் காதலித்திருக்கிறார்கள். அண்ணன் வீரன்.)

வரவேற்புக்கு ஒரு படப் பலகை செய்வதாக நான் வாக்குக் கொடுத்தேன். பின்னணியில் தாம்பரம் ரயில் நிலையம், நடைமேடையில் மின்சார ரயில். முன்னால் முழு உயரத்தில் நாலு உருவங்கள்: மாப்பிள்ளை, பெண், வெள்ளைச் சீருடையில் கார்டு, கூடையோடு பூக்காரம்மா. நாலு பேருக்கும் முகம் இருக்காது. அந்த இடத்தில் ஓட்டை. விருந்தாளிகள் பின்னால் நின்று அதில் முகத்தை நுழைத்தால், முன்னாலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அண்ணி இதைத் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "எனக்கு அந்த கார்டு. வேற யாரும் மூஞ்சிய நீட்டக் கூடாது" என்று அவர் அப்போதே முன்பதிவு செய்துவிட்டார். சீருடையைக் கழற்றி வைத்ததில் அவருக்கு இன்னும் வருத்தம் இருந்தது என்று அண்ணி சொன்னாள்.

அப்பா இந்த இடத்தில் செய்தித்தாளை இறக்கினார்.

"சரி. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி வெக்கப்போற போர்டு. நல்லா வந்துச்சுன்னா நீ டிசைனே பண்ணு, நான் குறுக்க வரல. சொதப்பினேன்னா திங்கக்கிழமை காலைல ரகுவோட நாவலூர். வாயத் தொறக்கக் கூடாது."

"டீல்" என்றேன். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு முகூர்த்தம், திங்கள் தீர்ப்பு.

வரைந்தேன். இரவு பகல் பாராமல் என்று எழுத ஆசை. நான் நன்றாகத் தூங்குகிறவள். ஆனாலும் ரயிலின் மஞ்சள் எழுத்துப் பலகையிலிருந்து பூக்காரம்மாவின் மூக்குத்தி வரை... மூக்குத்தி இல்லை, முகமே இல்லையே. வளையல் வரை எல்லாம் அச்சு அசல். முகம் வரவேண்டிய இடங்களில் வெள்ளை முட்டை வடிவங்கள். வெட்டினால் அந்த முட்டைகள் கழன்று விழுந்துவிடும். அதுதான் திட்டம்.

அச்சடித்து ஃபோம் பலகையில் ஒட்டி, கணினியில் ஓடும் இயந்திரத்தில் ஓட்டை வெட்டித் தரும் கடை மேடவாக்கத்தில் இருந்தது. நடத்துபவர் செந்தில் அண்ணா. கோப்பை அனுப்பியதும் அழைத்தார்.

"யம்மா, உன் ஃபைலு மெஷின்ல ஏறலமா. பிரிண்ட்டுக்கு ஓகே. ஆனா கட்டிங்குக்குப் படம் ஆவாது, எனக்குக் கோடுதான் வோணும்."

"அப்ப என்னண்ணா பண்றது?"

"இன்னா பண்றது... ஓட்டை எங்கெங்க வோணும்னு அளவு அனுப்பிடு. நானே கோடு போட்டு வெட்டிக்கிறேன்."

அளவு அனுப்பு! என்னிடம்! வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு முட்டையாகத் தேர்ந்தெடுத்தேன். அலகை மில்லிமீட்டருக்கு மாற்றினேன். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்றால், அதன் எந்த இடம்? இடது மூலையா, நடுவா, வலது ஓரமா? அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்பது குட்டிப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம் உண்டு. எந்தப் புள்ளியைத் தொடுகிறோமோ அதன் இடத்தைத்தான் எண்கள் காட்டும். கத்துக்குட்டிகள் இதைக் கவனிக்காமல் மூலையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓட்டை தள்ளிப்போச்சே என்று அழுவார்கள். நான் நடுப்புள்ளியைத் தொட்டேன். "எல்லாம் நடு மையத்தின் அளவு" என்று செய்தியில் தனியாகவும் எழுதினேன். முட்டையின் அகலம், உயரம்கூட அனுப்பினேன். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

"மெஷின் ஓடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி வந்து பாத்துக்கிறியாமா?" என்று செந்தில் அண்ணா கேட்டார்.

"எண் இருக்கும்போது கண் எதுக்குண்ணா?" என்றேன்.

(இந்த வாக்கியத்தை மட்டும் என்னால் இன்றைக்கும் முழுதாக ஆதரிக்க முடியவில்லை. எண்களை ஆதரிக்கிறேன்.)

சனிக்கிழமை மாலை, மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது, பலகை வரவில்லை. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் தண்ணி லாரிகளுக்குப் பின்னால் பலகையை ஏற்றிய குட்டியானை வண்டி சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு வழியாக வந்தபோது பாதி விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள். பலகையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தார்கள். நாலு பேர் தூக்கிவந்து நுழைவாசலுக்கு நேரே நிறுத்தினார்கள்.

சத்தமில்லாமல் ஒரு மூலையில் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அப்பா நின்றுகொண்டிருந்தார். ரகு மாமா நின்றுகொண்டிருந்தார். "எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க!" என்று நான் கை தட்டிக் கூப்பிட்டேன். (நான் "கொஞ்சம்" என்று சொன்னதற்கு அன்றைக்கே தண்டனை கிடைத்துவிட்டது.) கூட்டம் சேர்ந்தது. தாளைப் பிடித்து ஒரே இழுப்பு.

மேளக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

ரயில் அழகாக இருந்தது. நடைமேடை அழகாக இருந்தது. பட்டு வேட்டியில் மாப்பிள்ளை நின்றார். கழுத்துக்கு மேலே வழவழப்பான வெள்ளை முட்டை. பெண்ணுக்கும் முட்டை. கார்டுக்குத் தொப்பி போட்ட முட்டை. நாலு முகமற்ற ஆவிகள் மாலையும் கூடையுமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. (கண்ணில்லாமல் எப்படிப் பார்த்தன என்று கேட்காதீர்கள். பார்த்தன.) ஓட்டைகள்? இருந்தன. நாலும் இருந்தன. ஒவ்வொருவரின் முழங்காலிலும், வழுவாமல், பிசிறில்லாமல், கச்சிதமான முட்டை வடிவத்தில்.

"ஐயையோ, கல்யாண வீட்ல இது என்னடி, மூஞ்சியே இல்லாம!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். மாமா தோள்பட்டையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கல்ல, அப்பாவுக்கு.

ஓரமாக ஓடிப்போய் செந்தில் அண்ணாவை அழைத்தேன்.

"இன்னாமா, போர்டு வந்துச்சா? சும்மா நச்சுனு கீதா?"

"அண்ணா, ஓட்டையெல்லாம் முட்டியில இருக்குண்ணா!"

"ஆமா. நீ குட்த்த அளவுதான். புள்ளி கூட உடாம போட்டுக்கீறேன்."

"நான் தலைக்குத்தான் கொடுத்தேன்! மேலேருந்து அளந்து!"

"மேலேர்ந்தா? மெஷின் கீழ் மூலைலேர்ந்துதான் அளக்கும். நீ மேலேர்ந்துனு எங்க சொன்ன?"

என் மென்பொருள் மேலே இருந்து கீழே எண்ணும். அவருடைய இயந்திரம் கீழே இருந்து மேலே எண்ணும். தலை மேலிருந்து எவ்வளவு தூரமோ, அதே தூரத்தைக் கீழிருந்து அளந்து அது வெட்டியிருக்கிறது. கூடக் குறைய இல்லாமல் அத்தனை துல்லியமாக, எதிர்ப்பக்கத்தில்!

"வெட்டும்போது டவுட்டே வரலயாண்ணா? முட்டியில யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?"

"வந்துச்சுமா. ஆனா இப்பல்லாம் நீங்கோ பேண்ட்லயே முட்டில கியிச்சுக்கினுதான போறீங்கோ. இதும் எதுனா புச்சா டிசைனா இருக்கும்னு உட்டுட்டேன்."

அன்றைக்கு நான் ஜீன்ஸ் போடாமல் பாவாடை தாவணியில் இருந்ததுகூட எனக்குச் சாதகமாக இல்லை.

இந்த இடத்தில் என் வாதத்தைப் பதிவு செய்கிறேன். நாம் புத்தகத்தை எங்கிருந்து படிக்கிறோம்? மேலிருந்து. தேர்வில் பதிலை எங்கிருந்து எழுதுகிறோம்? மேலிருந்து. குளிக்கும்போது தண்ணீரை எங்கே ஊற்றுகிறோம்? காலிலிருந்தா தொடங்குகிறோம்? (அண்ணன் காலிலிருந்துதான் தொடங்குகிறானாம். அவன் கணக்கில் சேர்த்தி இல்லை.) உலகமே மேலிருந்து கீழாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு இயந்திரம் மட்டும் கீழ் மூலையில் உட்கார்ந்து எண்ணினால், அது என் தப்பா?

திரும்பி வந்தபோது மாமா தலைமையில் மீட்புப்பணி நடந்துகொண்டிருந்தது. "சிம்பிள்டி. தலைகீழா திருப்பிட்டா ஓட்டை மேல வந்துடும்ல?" ஓட்டை மேலே வந்தது உண்மைதான். கூடவே மாப்பிள்ளையும் பெண்ணும் நடைமேடையிலிருந்து வௌவால் போலத் தொங்கினார்கள். ரயிலும் கூரையில் ஓடியது. அம்மா போட்ட அலறலில் மேளமே நின்றுவிட்டது. மறுபடி நேராக்கினார்கள்.

"போதும். கொண்டுபோய் சமையக்கட்டுப் பக்கம் சுவத்துல திருப்பி வைங்க. சம்பந்தி வர்ற நேரம்" என்றார் அப்பா.

நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எங்கயும் போகாது."

"நித்யா, மானத்த வாங்காத."

"என் பேர்ல வந்த போர்டு. நல்லாருந்தாலும் நான்தான் நிப்பேன், இல்லன்னாலும் நான்தான் நிப்பேன்."

சொன்ன வேகத்தில் பலகைக்குப் பின்னால் போனேன். மற்ற இடங்களில் இந்த மாதிரிப் பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பார்கள். இதில் நின்றால் தலை பூக்காரம்மாவின் முட்டைக்குப் பின்னால் மறைந்தது. சப்பணம் போட்டு உட்கார்ந்தாலும் தலை ஓட்டைக்கு மேலேயே இருந்தது. கடைசியில் முழங்காலும் முழங்கையும் தரையில் ஊன்றி, குழந்தை தவழ்வது போலக் குனிந்தால், முகம் சரியாகப் பொருந்தியது. பூக்காரம்மாவின் முட்டியிலிருந்து உலகத்தை முறைத்தேன். எதிரே வரிசையாகச் செருப்புகள். நான் அவமானப்படவில்லை. (பட்டேன். காட்டிக்கொள்ளவில்லை.)

அப்போது எதிரில் பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது.

"நம்ம கார்டு எங்கம்மா?"

சம்பந்தி. பட்டு வேட்டிக்குக் கீழே ஷூவோடு வரும் ஒரே மனிதர் அவர்தான். அது அவருடைய ரயில் பழக்கம். என் தலைக்கு மேலே அப்பாவின் குரல் குழறியது. "அது வந்து சம்பந்தி, ஒரு சின்ன... கடைக்காரன் தப்பா..."

"கடைக்காரர் தப்பில்ல அங்கிள், என் எண்ணும் தப்பில்ல" என்றேன் முட்டியிலிருந்து. "மெஷின் கீழேருந்து எண்ணிடுச்சு."

அவர் பலகையை ஏற இறங்கப் பார்த்தார். கார்டின் சீருடையில் இருந்த பொத்தான்களைப் பார்த்தார். கையில் சுருட்டிய பச்சைக்கொடியைப் பார்த்தார். "கொடி பிடிச்சிருக்கிறது கரெக்டா இருக்கே" என்றார் மெதுவாக. பிறகு ஷூவைக் கழற்றினார்.

பருத்த உடம்பு, மூட்டுவலி வேறு. பின்னால் வந்து ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரிய மூச்சோடு மண்டியிட்டார். ஊன்றினார், குனிந்தார். கார்டின் முட்டியில் மீசையோடு அவர் முகம் முளைத்தது. மேடையில் அண்ணியோடு நின்ற படக்காரர் இதைப் பார்த்ததும் மணமக்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

படம் எடுத்தாயிற்று. சம்பந்தி எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. மூட்டு பிடித்துக்கொண்டது.

"இருக்கட்டும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று அப்படியே இருந்துவிட்டார். அதற்குள் அவருடைய பழைய ரயில் நண்பர்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். "வாங்க, வாங்க! எல்லாரும் சாப்ட்டுத்தான் போகணும்!" என்று முட்டியிலிருந்து வரவேற்றார். கும்பிடக் கை இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து வணக்கம் சொன்னார்கள்.

அப்பா நெளிந்தார். சம்பந்தி தரையில் இருக்கிறார், மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் நெடுமரமாக நிற்கிறார். வருகிற பொழிச்சலூர் உறவுகளெல்லாம் முதலில் கீழே பார்த்தார்கள், பிறகு மேலே அப்பாவைப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவரைக் குனிய வைத்துவிட்டு இவர் நிமிர்ந்து நிற்கிறாரே என்ற பார்வை. அம்மா அப்பாவின் முழங்கையை இடித்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே. போங்க."

"எங்க?"

"கீழ."

வரவேற்பு மண்டபத்தில், சரிகை அங்கவஸ்திரத்தோடு, நாவலூர்த் தீர்ப்பைக் கையில் வைத்திருந்த என் அப்பா பலகைக்குப் பின்னால் வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே மண்டியிட்டார். மாப்பிள்ளையின் முட்டியில் அவர் முகம் முளைத்தது. "சௌக்கியமா சம்பந்தி?" என்றார். "சௌக்கியம்" என்றார் கார்டு. மீதி இருந்தது மணப்பெண்ணின் முட்டி. அக்காவும் அத்தானும் கீழே கிடக்கும்போது தான் மட்டும் எப்படி நிற்பது என்று ரகு மாமா தவித்தார். (அம்மா கிடக்கவில்லை. பதற்றத்தில் மாமாவின் கணக்கு தவறிவிட்டது.) அவரும் தவழ்ந்து வந்தார். பட்டுப்புடவை முட்டியில், வழுக்கைத் தலையோடு, பொங்கல் சாப்பிட்ட முகம்.

அந்தப் படம்தான் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தாலி கட்டும் படம் அலமாரிக்குள் ஆல்பத்தில் இருக்கிறது.

ஆனால் அப்பா சுலபத்தில் விடுகிறவர் இல்லை. முகூர்த்தம் முடிந்து ஞாயிறு மத்தியானம் பந்தியில், பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "சிரிச்சாங்கங்கறது வேற. போர்டு சொதப்பல். நாளைக்கு நாவலூர்."

"போர்டு சொதப்பல்தான். எண் சரி. நான் போக மாட்டேன்" என்றேன். எதிர் இலையில் இருந்த மாமா அவசரமாக அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலையிலிருந்து சம்பந்தி எட்டிப் பார்த்தார். "நாளைக்கா? நாளைக்கு நித்யாவ நான் கேக்கலாம்னு இருந்தேனே. என் ஃப்ரெண்டுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. நேத்து போர்டப் பாத்ததுலேருந்து ஒரே பிடிவாதம். அவனுக்கும் அதே மாதிரி வேணுமாம், முட்டியிலயே. மேடவாக்கத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே சம்பந்தி?"

கல்யாணம் முடிந்து அரை நாள்கூட ஆகாத சம்பந்தியிடம் ஆட்சேபணை என்று சொல்லும் மனிதர் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அப்பா, பாயசம் புரையேறியபடி.

"ஆனா அங்கிள்," என்றேன், "முட்டியில போட மாட்டேன். தலை தலையிலதான் வரும்."

"ஏம்மா, அதுதானே நல்லாருந்துச்சு?"

"அது மெஷினோட டிசைன். என்னுது வேற."

திங்கட்கிழமை மேடவாக்கத்துக்குத்தான் போனேன். அதே படத்தை மறுபடி அச்சடிக்கக் கொடுத்து, இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, மேல் மூலையைக் கையால் தட்டிக்காட்டி, நாலு தலையும் தலையில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நாவலூர்ப் பொங்கலை இன்றுவரை நான் ருசித்ததில்லை.

இப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் எனக்கென்று பெயர்ப்பலகையோடு வேலை செய்கிறேன். அதனால் வீட்டில் என்னை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அலமாரியில் மிளகாய்த்தூள் எங்கே என்று கேட்டால், "மூணாவது தட்டு. மேலேருந்தா கீழேருந்தானு நித்யாவக் கேட்டுக்க" என்கிறான் அண்ணன். அண்ணிக்குக் குழந்தை பிறந்தபோது மருத்துவமனை வராந்தாவில் ரகு மாமா முதலில் கேட்டது, "தலை மேலதான இருக்கு?"

அப்பாவோ ஒரு படி மேல். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்கு முன்பே கூடத்துப் படத்தைக் காட்டிவிடுவார். பிறகு என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, குரலில் ஒரு பெருமிதத்தோடு அறிமுகம் செய்வார்:

"எம் பொண்ணு. டிசைனர். ஏதாவது செய்யணும்னா இவகிட்டயே குடுங்க, அளவுல ஒரு மில்லிமீட்டர் பிசகாது. தலை எங்க வரணும்னு மட்டும் நீங்க தொட்டுக் காட்டிடுங்க."